டாக்டர் சாகாத வியாழக்கிழமை

இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் மாப்பிள்ளையைச் சீரியல் கம்பெனியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்களாம். எதிர்வீட்டு டீச்சர் சொல்கிறாள். அவள் பார்த்தது என்ன? வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவரும் நானும் படியேறி வந்ததைப் பார்த்தாள். சாயங்காலம் வரை படப்பிடிப்பு என்று சொல்லிவிட்டுப் போனவர் பாதி நாளில் திரும்பி வந்ததால், மீதிப் பாதியை அவளே இட்டு நிரப்பிக்கொண்டாள். நாலாம் மாடியில் வாக்குவாதம் என்று கிளம்பிய செய்தி, படியிறங்க இறங்கக் கை கால் முளைத்து, முதல் மாடிக்குப் போவதற்குள் அடிதடி ஆகிவிட்டது. மறுநாள் சோப்பு வாங்கப் போனேன். மளிகைக்கடைக்காரர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு சான்ஸ் போயிடுச்சாமேம்மா. பாவம். ஆனா ஒண்ணு, பதினோரு வருஷமா அதே வெள்ளைக் கோட்டு, அதே 'சாரி'. அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்குவாங்க."

"உங்க கடையிலயும் பதினோரு வருஷமா அதே சோப்புதான். நான் பொறுத்துக்கலையா?" என்று கேட்டு, சில்லறையை எண்ணிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

டைரக்டர் பேச்சை அவர் மீறினார். அது உண்மை, நான் மறைக்கவில்லை. தள்ளினார்கள் என்பதுதான் பொய். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தவள் நான். இன்னும் மூன்று வாரத்தில் அவரவர் வீட்டு டிவியிலேயே அது வரத்தான் போகிறது. அதுவரைக்கும் ஊர் வாய் சும்மா இருக்காது என்பதால் சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, கண் தெரியும். அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவரும் அவர்தான்.

அவர் நிஜத்தில் கண்ணாடிக் கடை விற்பனையாளர். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற சின்னக் கடை. அந்த வேலையை இன்றுவரை விடவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் சீரியல் கம்பெனியிலிருந்து டாக்டர் வேஷத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி கேட்டார்கள். கொடுத்துவிட்டு வரப் போனார். அந்தக் கம்பெனி முன்பு பிஸ்கட் கிடங்காக இருந்தது. இப்போதும் மழை பெய்தால் சுவரிலிருந்து வெல்லப் பாகு வாசனை வரும். அன்றைக்கு டாக்டராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. கண்ணாடி வந்துவிட்டது, முகம் வரவில்லை.

"இந்தக் கோட்டு உங்களுக்குச் சரியா இருக்குமான்னு போட்டுப் பாருங்க" என்றாராம் டைரக்டர்.

சரியாகத்தான் இருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, "சாரி, எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்" என்று சொல்ல வேண்டும். அவர் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றினார். கண்ணாடிக்காரர் ஒருவரும் ஒரு கையால் கழற்ற மாட்டார், காதில் மாட்டுகிற கம்பி வளைந்துவிடும். இரண்டு கையாலும் மெதுவாகக் கழற்றி, ஒரு கம்பியை மடித்து, இன்னொரு கம்பியை மடித்து, அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள்ளேயே அங்கே நின்ற துணை நடிகைகள் வசனத்துக்குக் காத்திராமல் அழ ஆரம்பித்துவிட்டார்களாம். "யாருய்யா இந்த ஆளு, இவர் நம்பரை வாங்கி வை" என்றாராம் டைரக்டர். என் பெண்ணிடம் வந்து இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. டிவியில் பார்த்த பிறகும் பாதிதான் நம்பினாள்.

அந்தக் கம்பெனியில் ஒரே கூரைக்குக் கீழே நாலு சீரியல் நடக்கும். குடும்பக் கதை ஒன்று, துப்பறியும் கதை ஒன்று, சிரிப்புக் கதை ஒன்று, பேய்க்கதை ஒன்று. நாலுக்கும் டைரக்டர் ஒருவர்தான், டாக்டரும் இவர்தான். கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் சொந்தமாக வைத்திருக்கிற ஆளை யார் விடுவார்கள்? கூப்பிட்ட நாளில் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போவார்.

டாக்டர் என்றால் எல்லாக் கதையிலும் ஒரே டாக்டர் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. குடும்பக் கதையில் டாக்டர் கதவைத் திறந்து வந்ததும் விஷயத்தைச் சொல்லக் கூடாது. வெளியே பதினோரு பேர் நிற்பார்கள். ஒவ்வொரு முகத்தையும் காமிரா மூன்று தடவை பார்த்து முடிகிற வரைக்கும் இவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை "நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்பார். மீதி திங்கட்கிழமைதான். நிஜ டாக்டர் இப்படி இரண்டு நாள் நின்றால் வெளியே இருக்கிறவர்களும் உள்ளே படுக்க வேண்டியதுதான்.

துப்பறியும் கதையில் டாக்டருக்கு மனசே இருக்கக் கூடாது. துணி மூடிய பிணத்துக்குப் பக்கத்தில் நின்று பிஸ்கட் தின்ன வேண்டும். கண்ணாடியைக் கழற்றக் கூடாது, நெற்றிக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். போலீஸ்காரரைப் பார்க்காமலே "பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவுல" என்று சொல்ல வேண்டும். ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை மறுநாளும் வரச் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் பல்.

"அத்தை, ரெண்டாவது நாளும் கூப்பிட்டிருக்காங்க."

நான் அந்தச் சீரியலை விடாமல் பார்க்கிறவள். "அப்ப நீங்கதான் கொலைகாரன், மாப்பிள்ளை" என்றேன்.

முகம் விழுந்துவிட்டது. ஆனால் அப்படியே நடந்தது. இரண்டாவது நாள் விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஆள் இரண்டாவது முறை வந்து அன்பாகப் பேசினால் கொலை செய்தது அவர்தான். இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் எதற்கு?

சிரிப்புக் கதையில் வேறு தொல்லை. அங்கே ஒவ்வொரு வேடிக்கை வசனத்துக்குப் பிறகும் மூன்று எண்ணுகிற அளவுக்குச் சும்மா நிற்க வேண்டும். சிரிப்பைப் பிற்பாடு சேர்ப்பார்களாம். அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. சாப்பிடும்போது "இன்னிக்கு பஸ்ல நல்ல கூட்டம்" என்பார், அப்படியே கை நின்றுவிடும். என் பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "சிரிச்சாச்சு, மேல சாப்பிடுங்க" என்பாள். ஒரு நாள் காலையில் சிரிப்புக் கதை, மத்தியானம் குடும்பக் கதை. மத்தியானம் கதவைத் திறந்து வந்து, "இனிமே எல்லாம் கடவுள் கையில" என்று சொல்லிவிட்டு, புருவத்தைத் தூக்கி மூன்று எண்ணுகிற நேரம் நின்றிருக்கிறார். நோயாளியின் அம்மாவாக நடித்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, மூக்கைச் சிந்துவது போலச் சமாளித்தாராம்.

"டாக்டர், இது அழற சீரியல். சிரிக்கிறது பக்கத்து ரூம்ல" என்று டைரக்டர் சத்தம் போட்டார்.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பணம் கேட்கவில்லை, பெரிய வேஷம் கேட்கவில்லை. "ஒரு கதையில கடைசி நாள் வரைக்கும் இருக்கணும் அத்தை. நம்ம ஆளு என்ன ஆனான்னு தெரியாமலே கோட்டைக் கழட்டிடறோம்" என்பார். டாக்டர் என்றால் வந்து, சொல்லிவிட்டு, போய்விட வேண்டும். இல்லாவிட்டால் சாக வேண்டும்.

சாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே எதற்குப் போனேன் என்று டீச்சர் கேட்பாள். முதல் தடவை அவர் சீரியலில் செத்தபோது நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். டிவியில் விஷம் குடித்து விழுந்து கிடக்கிறார். இங்கே என் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கோ அழுகை நிற்கவில்லை. இரண்டு நாள் அவர் தூங்கும்போது மூக்குக்குக் கீழே கை வைத்துப் பார்த்தாள். அப்போது பேசி முடிவு செய்தோம்: இனி அவர் சாகிற அன்றைக்கு வீட்டிலிருந்து ஒரு ஆள் கூடப் போவது, விழுந்தவர் எழுந்ததைக் கண்ணால் பார்த்து வீட்டுக்குச் சொல்வது. என் பெண்ணுக்குத் தபால் ஆபீசில் வேலை, லீவு கிடைக்காது. அதனால் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. மூன்று சாவுக்குப் போயிருக்கிறேன். மூன்றிலும் நன்றாகத்தான் எழுந்தார்.

இந்தப் பேய்க்கதைக்குப் போனது நாலாவது. அதற்கு அவரைக் கூப்பிட்டபோது மூன்று வாரம் வேலை என்றார்கள். பதினோரு வருஷத்தில் அவ்வளவு நீளமாக ஒரு ஆளாக இருந்ததே இல்லை. பாழடைந்த பெரிய வீட்டில் நாலு பேர் தங்குகிறார்கள், அதில் ஒருவர் டாக்டர். "பேயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது" என்று சொல்கிறவர். அதைக் கேட்டதுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. பேய்க்கதையில் அந்த வசனத்தைச் சொன்னவர் முதலில் போய்விடுவார். காலையில் முகச்சவரம் செய்யும்போது பாட்டுப் பாடுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

புதன்கிழமை சாயங்காலம் மறுநாள் காட்சிக்கான காகிதம் வந்தது. படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு அத்தையைக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

என் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. "சரி. இது என்ன புதுசா? நாலு தடவை செத்த ஆளுதானே."

"அதெல்லாம் ஒரு நாள் பழக்கம். இவனோட மூணு வாரம் இருந்துட்டேன். இவன் பயந்து சாகற ஆள் இல்ல. இருட்டுல எதுவோ சத்தம் போட்டா, முதல்ல லைட்டைப் போட்டு என்னன்னு பார்ப்பான். அவ்வளவுதான் இவன்."

"அதை டைரக்டர்கிட்ட சொல்றதுதானே" என்றேன் நான்.

மறுநாள் காலையில் சொன்னார். என் காதுபடத்தான் சொன்னார். டைரக்டர் கெட்ட மனுஷன் இல்லை. டீ டம்ளரை வைத்துவிட்டு நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"டாக்டர், நான் சொல்றதைக் கேளுங்க. பேய்க்கதைக்குன்னு ஒரு முறை இருக்கு. நம்பாதவன் செத்தாத்தான் நம்பறவனுக்குப் பயம் வரும். லைட்டைப் போட்டா கதை முடிஞ்சுது. நிலவறைக்கு இறங்குறீங்க, மெழுகுவர்த்தி அணையுது, அவ வர்றா, நீங்க விழறீங்க. அடுத்து உங்க கண்ணாடி மட்டும் உடைஞ்சு கிடக்கும். அதுல காமிரா நிக்கும். பிரமாதமா இருக்கும்."

"சரிங்க சார்" என்றார் இவர். வேறு என்ன சொல்வார்?

நிலவறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகையில் செய்த ஏழு படி, கறுப்புச் சாயம் அடித்த மூன்று சுவர், படிக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு கதவு. பேயாக நடிக்கிற பெண் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முகத்துப் பவுடர் கலையாமல் இருக்க உறிஞ்சுகுழல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"கத்தாம ஒரு நாளாவது இருக்கக் கூடாதா பொண்ணே?" என்றேன்.

"பேய்னா கத்தணும் பாட்டி. வசனமே கிடையாது. அறுபது நாளா கத்தறேன், எதுக்குக் கத்தறேன்னு எனக்கே சொல்லல" என்றாள்.

முதல் தடவை மெழுகுவர்த்தி முன்னாலேயே அணைந்துவிட்டது. இரண்டாவது தடவை மாப்பிள்ளை நன்றாக விழுந்தார், ஆனால் அந்தப் பெண் மூக்கில் பவுடர் ஏறித் தும்மிவிட்டாள். தும்முகிற பேயை டிவியில் காட்ட முடியாது. மறுபடியும் எழுந்து மேலே போனார். மூன்றாவது தடவை இறங்கினார். மெழுகுவர்த்தி அணைந்தது. கும்மிருட்டில் அவள் வீல் என்று கத்தினாள்.

இவர் விழவில்லை. சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் சுவரில் இருக்கிற சுவிட்ச் எதற்கும் கம்பி கிடையாது, சும்மா ஒட்டி வைத்தது. நடிகர் கை சுவிட்சில் பட்டதும், மேலே பரணில் உட்கார்ந்திருக்கிற லைட்காரர் பார்த்துக்கொண்டே இருந்து விளக்கைப் போடுவார். குடும்பக் கதை, சிரிப்புக் கதை எல்லாவற்றிலும் இதுதான் முறை. பேய்க்கதையில் யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள் என்பதால், தொட்டால் போடாதே என்று அவரிடம் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம். கை பட்டது, அவர் போட்டுவிட்டார்.

பளிச்சென்று நிலவறை முழுக்க வெளிச்சம். அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நடுவில் நிற்கிறாள். அறுபது நாளாக இருட்டில் நிழலாக மட்டும் வந்தவள். அப்போதுதான் அந்தப் பேயின் முகத்தை எல்லோரும் பார்த்தோம். ரொம்பக் களைத்துப் போன முகம். டைரக்டர் நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார்.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கண்ணாடிக் கடையில் வயசானவர்களை உட்கார வைத்துக் கேட்பாரே, அதே குரல். அவள் டைரக்டரைப் பார்த்தாள். டைரக்டர் தூக்கின கையை இறக்கவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவள் மெதுவாக வாயை மூடினாள். கத்திக் கத்திக் கரகரத்துப் போன சொந்தக் குரலில் பேசினாள்.

"ஞாபகம் இல்ல டாக்டர். ரொம்ப நாளாச்சு."

"தூக்கம் வருதா?"

"இல்ல."

"இதுக்கு முன்னாடி யாராவது வந்து பார்த்தாங்களா?"

"வந்தாங்க. எல்லாரும் ஓடிட்டாங்க."

"நான் ஓடல. நீங்க உட்காருங்க."

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. கிளிசரின் போட்ட அழுகை இல்லை, அது எனக்குத் தெரியும். கண் மையும் பவுடரும் சேர்ந்து கன்னத்தில் ஓடியது. மாப்பிள்ளை அவசரப்படவில்லை. குடும்பக் கதையில் நிற்கக் கற்றுக்கொண்ட நிற்பு இருக்கிறதே, அப்படியே நின்றார். அழுது முடிக்க விட்டார். எனக்குப் பக்கத்தில் ஒப்பனைக்காரர் வாயில் கொண்டை ஊசியைக் கவ்வியிருப்பது போலப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷன் ஒரு நிமிஷத்தில் பதினோரு வருஷத்தையும் பணயம் வைத்துவிட்டார் என்று தெரிந்தது. டைரக்டர் ஒரு வார்த்தை சொன்னால் நாலு சீரியலும் போய்விடும், டீச்சர் சொல்கிற கதை நிஜமாகிவிடும்.

"நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று அவளிடம் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவளைத் தாண்டி ஏழு படியும் ஏறினார். ஓடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கதவைத் திறந்தார், வெளியே போனார், சாத்தினார். அந்த நிலவறைக்குள் இறங்கின ஆள் ஒருவர் அந்தக் கதவு வழியாகவே ஓடாமல், உயிரோடு வெளியே போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஒயரும், ஒரு மின்விசிறியும், தண்ணீர் கேனும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அதுவும் தெரிந்தது. பலகையில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். காமிரா இன்னும் மூடின கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்திருந்தவள் அந்தக் கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"லைட் எரியட்டும்."

அதற்கப்புறம்தான் டைரக்டர் "கட்" என்றார்.

முதலில் பரணிலிருந்து லைட்காரர் கை தட்டினார். அப்புறம் ஒப்பனைக்காரர். அப்புறம் பக்கத்து அறையில் சிரிப்புக் கதைக்காகக் காத்திருந்தவர்கள்கூட எதற்கென்று தெரியாமலே வந்து தட்டினார்கள். கதை எழுதுகிறவர் மட்டும் கையில் காகிதக் கட்டோடு அழாத குறையாக ஓடி வந்தார்.

"சார், டாக்டர் செத்தாச்சுன்னு இருபது எபிசோடு எழுதிட்டேன் சார். நாலாவது வாரம் இவரோட ஆவி வேற வருது."

"ஆவிக்கு லீவு குடு" என்றார் டைரக்டர். "அந்தப் பொண்ணு எதுக்குக் கத்தினான்னு இன்னிக்கே உட்கார்ந்து யோசி. டாக்டர் தெரிஞ்சுக்காம விட மாட்டார். எல்லாரும் வீட்டுக்குப் போங்க, இன்னிக்கு எடுக்க இனிமே ஒரு பக்கம்கூடக் கையில இல்ல."

அதனால்தான் பன்னிரண்டு மணிக்கு வந்தோம். டீச்சர் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளை பலகைக்குப் பின்னாலிருந்து வந்து டைரக்டர் முன்னால் நின்றார். "தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று ஆரம்பித்தார்.

"தப்பாத்தான் நினைக்கிறேன். யாரைக் கேட்டு லைட்டைத் தொட்டீங்க?" என்று டைரக்டர் முறைத்தார். பிறகு அவர் தோளில் கை போட்டார். "நாளைக்குக் காலையில ஆறு மணி, டாக்டர். நாளன்னைக்கும் ஆறு மணி. கடைசி நாள் எப்பன்னு எனக்கே தெரியாது. வந்துட்டே இருங்க."

மாப்பிள்ளை கோட்டையும் ஸ்டெதஸ்கோப்பையும் பையில் வைக்கக் குனிந்தவர், ஜிப்பை இழுக்க முடியாமல் அப்படியே நின்றார். நான் அந்தப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"குடுங்க அத்தை, மாமியார் தூக்கிட்டு வர்றதை யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றார்.

"பார்க்கட்டும். நீங்க முன்னால நடங்க, மாப்பிள்ளை."

காவலாளி பெரிய கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டார். மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். நான் பின்னால் போனேன்.